லாமிங்டன் ரோட்டில் புது மீட்டர்கள்

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே சற்று நடந்தால் லாமிங்டன் ரோடு. 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்தவரின் பெயர். டாக்டர் பட்கம்கர் மார்க் என்று மாற்றியும் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ரேடியோ, டி.வி. மெக்கானிக்குகளுக்கு வேண்டிய கருவிகள் கிடைக்குமிடம் இது.

முள் ஆடும் மீட்டருக்கு மவுசு குறைந்துவிட்டது. வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள மீட்டரை 2.5 வோல்ட்டில் வைத்தால் அதன் தடை 50,000 ஓம்தான். நுட்பமான சர்க்யூட்டில் இருக்கிற வோல்ட்டையே அது இழுத்துக் குறைத்துக் காட்டும். டிஜிட்டல் மீட்டரில் பெரும்பாலும் ஒரு கோடி ஓம்.

ஆனால் புதுக் கருவி கைக்கு வந்ததும் பயம் விட்டுப் போகிறது. ஆபத்து அங்கேதான். இன்றைய டி.வி.யின் பவர் சப்ளையில் 230 வோல்ட் மின்சாரம் பெரிய கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது அங்கே தங்கியிருக்கலாம். மெயின்ஸில் ஓடும் ஆஸிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அந்தப் பக்கம் மாட்டினால் ஷார்ட் ஆகி இரண்டும் புகையும். அதற்காக ஸ்கோப்பின் எர்த் ஒயரையே வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது உயிருக்கே உலை. டி.வி.க்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைப்பதே முறை.

சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே மறந்துவிட்டு மெயின்ஸைத் தொட்டால் நேர் ஷார்ட். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு பியூஸே கிடையாது. வாங்குமுன் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.