தினமும் ஒரு பிள்ளைக்கு முதல் நாள்! - ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஒன்றாம் வகுப்புகள்

காலை நேரத்தில் ஒரகடம் சாலையோரம் நின்றால் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். நைட் ஷிஃப்ட் முடித்து, தூக்கக் கலக்கத்தோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் ஒரு பக்கம். முதுகைவிடப் பெரிய பையோடு ஸ்கூலுக்குக் கிளம்பும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். சில வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் முகம் பார்த்துக்கொள்வதே இந்தச் சில நிமிடங்கள்தான்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. வேலை தேடி முதலில் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பட்டியல் நீண்டது. தனியாக வந்தவர்களில் பலர் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று இங்குள்ள ஒன்றாம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூனில் மட்டும் வராத முதல் நாள்

மற்ற ஊர்களில் பள்ளியின் முதல் நாள் என்றால் ஜூன் மாதம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அழுவார்கள். ஒரு வாரத்தில் ஒன்றாகச் சிரிக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. அப்பாவுக்கு எப்போது வேலை கிடைக்கிறதோ, அப்போதுதான் பிள்ளைக்கு முதல் நாள். அது ஆகஸ்ட்டாகவும் இருக்கலாம், பொங்கல் முடிந்த பிறகாகவும் இருக்கலாம்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றோ, வயதுச் சான்றிதழ் இல்லை என்றோ பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. பழைய பள்ளியின் டி.சி. வரத் தாமதமாவதையும் காரணம் சொல்லக் கூடாது.

சேர்த்துக்கொண்டாயிற்று. ஆனால், நடுவில் வந்த பிள்ளைக்குச் சேர்ந்து அழக்கூட ஆள் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நண்பர்கள். அந்த அறையில் அதற்கென்று இருக்கக்கூடிய ஒரே முகம், டீச்சரின் முகம்தான்.

எட்டாம் வகுப்பு வரை தொடரும் உறவு

அமெரிக்காவில் பிரிட்ஜெட் ஹாம்ரே, ராபர்ட் பியான்டா என்ற இரு ஆய்வாளர்கள் 179 பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கவனித்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் ஆசிரியருடன் மோதலும், அவரை அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கும் போக்கும் இருந்த பிள்ளைகளுக்கு, பின்னாளில் மதிப்பெண்ணிலும் நடத்தையிலும் சிக்கல் வருவது அதிகமாக இருந்தது.

நம் ஊர் ஆசிரியர்கள் பலர் படித்திருக்கும் 'டோட்டோ-சான்' புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. முதல் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட சிறுமி, கோபயாஷி என்ற தலைமை ஆசிரியரிடம் வருகிறாள். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் பேசுவதை அவர் சுமார் நான்கு மணி நேரம் கேட்கிறார். டெஸ்ட் எதுவும் வைக்கவில்லை. வெறுமனே கேட்டதே அவளை அந்தப் பள்ளியோடு ஒட்டவைத்துவிடுகிறது.

நான்கு மணி நேரத்துக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் ஆசிரியர் எண்ணிக்கை இரண்டு. ஐந்து வகுப்புகளையும் அந்த இரண்டு பேர்தான் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆட்டம், பாட்டு, கதை என்று ஒன்றாம் வகுப்பை இலகுவாக்கியிருக்கிறது. ஆனாலும் நேரம் குறைவுதான். நேரம் அதிகம் கேட்காத சில வழிகள் இதோ:

* பெயர்: 'பிஸ்வஜித்' என்று வீட்டில் கூப்பிடும் பிள்ளை, வருகைப் பதிவேட்டில் 'விஸ்வஜித்' ஆகிவிட்டால் பாதி நாள் திரும்பியே பார்க்காது. அம்மா எப்படிக் கூப்பிடுகிறார் என்று முதல் நாளே கேட்டு, அப்படியே கூப்பிடலாம்.

* இரண்டு வார்த்தை: 'மிஸ், ஒன்னுக்கு' என்று தமிழ்ப் பிள்ளை கேட்டுவிடும். 'சுசு' என்று மட்டும் தெரிந்த பிள்ளை, கேட்கத் தெரியாமல் உடையை நனைத்துக்கொண்டால் மறுநாள் பள்ளிக்கே வராது. தண்ணீருக்கு 'பானி' என்ற ஒரு சொல் இந்தி, ஒடியா, அசாமி மூன்றுக்கும் பொருந்தும். டீச்சர் அந்த மொழியில் இரண்டு வார்த்தை பேசினால், பிள்ளை தமிழில் பத்து வார்த்தை பேச ஆரம்பிக்கும்.

* காலை உணவு: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. கிச்சடி சாப்பிடும் பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்வது பெரிய விஷயம். அம்மா காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தால், அன்று அதனிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்கும் முதல் ஆள் டீச்சராகத்தான் இருப்பார்.

* இரண்டு நிமிடம், பத்து நாள்: ஒட்டாமல் இருக்கும் ஒரு பிள்ளையோடு தினமும் இரண்டு நிமிடம், பாடம் தவிர வேறு எதையாவது பேசுவது. பத்து நாள் விடாமல் செய்ய வேண்டும்.

* ஒரு பொறுப்பு: சாக்பீஸ் எடுத்து வருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என ஏதாவது ஒன்று. தனக்காக ஒரு வேலை காத்திருந்தால் பள்ளிக்கு வரப் பிடிக்கும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

ஷிஃப்ட் மாறும் வாரத்தில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளை அன்று சோர்ந்திருப்பதற்கோ, சண்டை போடுவதற்கோ காரணம் அவருக்குப் புரியும். சாயங்காலம் யார் கூட்டிப் போவார் என்பதையும் பிள்ளையிடமே காலையில் சொல்லுங்கள்.

வாசலில் விட்டுவிட்டு, பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டே கிளம்புங்கள். 'சேட்டை பண்ணினா மிஸ்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்வேன்' என்ற மிரட்டல் வேண்டவே வேண்டாம். அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்பது ஒருபக்கம். பிள்ளை நம்ப வேண்டிய ஆளையே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம் என்பது இன்னொரு பக்கம். மாலையில் 'என்ன எழுதின?' என்பதற்கு முன்னால் 'யார்கூட விளையாடின?' என்று கேளுங்கள். பள்ளி தொடர்பான சந்தேகங்களுக்குத் தமிழக அரசின் 14417 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

கான்ட்ராக்ட் முடிந்தால் சில குடும்பங்கள் அடுத்த ஊருக்குப் போய்விடும். கற்ற எழுத்துகளில் பாதி வழியிலேயே மறந்தும் போகலாம். ஆனால், தன் பெயரைச் சரியாகக் கூப்பிட்ட ஒரு மிஸ்ஸைப் பிள்ளை மறக்காது. அடுத்த பள்ளியின் வாசலில் புது டீச்சர் கை நீட்டும்போது, தயங்காமல் பிடித்துக்கொள்ள அந்த நினைவு போதும்.