எடை நின்றுவிட்டதா? சோற்றில் கை வைக்காதீர்கள்!

டயட், ஜிம் என்று தொடங்கிய முதல் இரண்டு மாதம் எடை மளமளவென்று இறங்கும். பேன்ட் தொளதொளக்கும். கல்யாண வீட்டில் நாலு பேர் "என்ன, இளைச்சுட்டீங்க?" என்பார்கள். பிறகு ஒருநாள் எடை மெஷின் 78 காட்டும். மறு வாரமும் 78. அதற்கடுத்த வாரம் 78.4. "வெயிட் நின்னுடுச்சு மாஸ்டர்" என்று ஜிம்மில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: "நைட்டு சாப்பாட்டை கட் பண்ணுங்க. டிரெட்மில்ல இன்னும் அரை மணி நேரம் சேர்த்துப் போடுங்க."

என் கணிப்பில் இது பாதிப் பேருக்குத் தேவையில்லாத வைத்தியம், மீதிப் பேருக்குத் தப்பான வைத்தியம்.

இந்த வைத்தியம் தேவையில்லாதவர்கள் யார்? டம்பெல், பார்பெல் என்று புதிதாக எடை தூக்கத் தொடங்கியவர்கள். பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் அது வலிக்கும், லேசாக வீங்கும், நீரைப் பிடித்து வைக்கும். தசை சேமிக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் ஒட்டிக்கொள்ளும். ஜிம்மில் கிரியேட்டின் பவுடர் குடிப்பவருக்கு ஒரு கிலோவுக்கு மேல்கூட நீர் ஏறலாம். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஏறுவதும் நீர்தான். அடியில் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்க, மேலே நீர் அதை மறைத்துவிடும். மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தையல்காரர் டேப்புக்குத் தெரியும். தொப்புள் மட்டத்தில் இடுப்பை வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். டேப் இறங்கி, தூக்கும் எடை ஏறிக்கொண்டிருந்தால் உங்களுக்கு எந்தத் தேக்கமும் இல்லை.

டேப்பும் மூன்று நான்கு வாரமாக அசையவில்லை என்றால் அதுதான் நிஜமான தேக்கம். அதற்கும் பட்டினி ஏன் மருந்தல்ல என்பதற்கு 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை சாட்சி. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து, 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போனது. ஆனால் கூடவே உடலும் செலவைச் சுருக்கியது. நாடித்துடிப்பு குறைந்தது, உடம்பு சில்லிட்டது, படி ஏறவே சோம்பினார்கள். பலருக்குக் காலில் நீர் கோத்தது. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தது.

நமக்கு நடப்பதும் அதன் சின்ன வடிவமே. 10 கிலோ இறங்கிய உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி குறைவாகப் போதும். அதோடு, நம்மை அறியாமலே அசைவும் குறையும்: லிஃப்டில் ஏறுவோம், தண்ணீர் எடுக்கப் பிள்ளையை அனுப்புவோம்.

இன்னொரு சங்கதி கொஞ்சம் கசக்கும். "1,200 கலோரிதான் சாப்பிடுகிறேன், இறங்க மாட்டேன் என்கிறது" என்று சொன்னவர்களை நியூயார்க் ஆய்வாளர்கள் சோதித்து 1992இல் வெளியிட்டார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றத்தில் பழுதே இல்லை. சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் கணக்கில் வராமல் போயிருந்தது. அவர்கள் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கண் அளவு அப்படித்தான் ஏமாற்றும். நம் வீட்டில் யார் தோசைக்கு விடும் எண்ணெயை எண்ணுகிறார்கள்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரிக்கு மேல். சோற்றைப் பாதியாக்கிவிட்டு, தாளிப்பு, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட நாலு காபி, நாலு மணி முறுக்கு எதையும் தொடாமல் விட்டால் மெஷின் எப்படி அசையும்? இரண்டு வாரம் மட்டும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். பலருடைய தேக்கம் அங்கேயே உடையும்.

அடுத்து புரதம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு 4 வாரம் உணவை வெகுவாகக் குறைத்துக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். 2016இல் வந்த முடிவு: உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்தும் தசையைக் கூட்டியிருந்தார்கள். 1.2 கிராம் எடுத்தவர்கள் இழந்த கொழுப்பு 3.5 கிலோ, தசை கூடவில்லை. நமக்கு 1.6 கிராம் அளவே தாராளம். "சாம்பார்ல பருப்பு இருக்கே" என்பார்கள். ஹோட்டல் சாம்பாரில் இருக்கும் பருப்பை எண்ணியே விடலாம்! முட்டை, மீன், கோழி, சோயா, சுண்டல், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

ஜிம்மில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிரெஸ் மூன்றையும் விடாதீர்கள். ஆறு மாதமாக அதே 10 கிலோ டம்பெல்லைத் தூக்கினால் தசை வளர எந்தக் காரணமும் இல்லை. நோட்டுப் போட்டு எழுதி, ஒரு ரெப்போ இரண்டரைக் கிலோவோ ஏற்றிக்கொண்டே போங்கள். கூடுதல் டிரெட்மில்லுக்குப் பதில் சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடக்கலாம். மாதக்கணக்கில் டயட்டில் இருந்து தூக்கம் கெட்டு, தூக்கும் எடையும் குறைந்துகொண்டே வந்தால், இரண்டு வாரம் இப்போதைய எடைக்குத் தேவையான அளவு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தொடருங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு மாதம் ஆகியும் டேப் அசையவில்லை என்றால் மாஸ்டரை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். தைராய்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு மாதிரி மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.