ஜகார்த்தாவில் கோல் காத்த செகந்தராபாத் தமிழர்

திருச்சானூர் தாயாரின் பெயரைத் தாங்கிய ரயில் ஒன்று உண்டு. திருப்பதிக்கும் செகந்தராபாத்துக்கும் என்று விடப்பட்ட பத்மாவதி எக்ஸ்பிரஸ். மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் செகந்தராபாத். கடைச் சிப்பந்தி, ஓட்டல் தொழிலாளி, குமாஸ்தா என்று இந்த வட்டாரத்துத் தமிழர்கள் பலரும் ஒரு முறையாவது அந்த ரயிலில் போயிருப்பார்கள். அந்த ரயில் போய்ச் சேரும் ஊரில் வளர்ந்த இரண்டு பையன்கள் ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்தாட்ட அணியின் தூண்களாக நின்றார்கள் என்பதும், இருவரும் நம்மவர்கள் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒருவர் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். மற்றவர் முன்வரிசை ஆட்டக்காரர் துளசிதாஸ் பலராம்.

இன்று உலகக் கால்பந்து வரிசையில் இந்தியாவின் பெயரைத் தேட விரல் வெகு தூரம் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. சின்னஞ்சிறு நாடுகள்கூட நம்மைத் தாண்டிப் போய்விட்டன. ஆனால் 1951 முதல் 1962 வரையிலான கணக்கு வேறு. ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கப் பதக்கம், ஒலிம்பிக்கில் ஒரு நான்காம் இடம். அந்தக் கணக்கில் பாதி ஐதராபாத்தில் எழுதப்பட்டது.

வெறுங்காலும் பத்து கோலும்

சுதந்திர இந்தியாவின் அணி முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஆடியது 1948 ஜூலை 31-ல், லண்டனில். அப்போது சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. எதிரி பிரான்ஸ். நமது ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் தோற்றோம். அதுவும் கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கிய பிறகு! இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் பெயர் சாரங்கபாணி ராமன்.

1950-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. நமது பிரிவில் இருந்த மற்ற நாடுகள் விலகிக் கொண்டதால் வந்த இடம் அது. இந்தியாவும் போகவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதி இல்லை என்பதால் போகவில்லை என்று டீக்கடை தோறும் ஒரு கதை உண்டு. அது பாதிக் கதை. கப்பலில் நெடும் பயணம், பயிற்சிக்கு நேரமில்லை, ஆள் தேர்வில் தகராறு, எல்லாவற்றுக்கும் மேலாக உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கே பெரிது என்ற அந்தக் காலத்து நினைப்பு: இவைதான் நிஜமான காரணங்கள். அந்த வாய்ப்பு மறுபடி வரவே இல்லை.

1951 மார்ச்சில் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரானை வென்று தங்கம் பெற்றோம். தலை கனத்தது. மறு வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா கனத்தை இறக்கிவிட்டது. 10-1! குளிரில் வெறுங்காலுடன் நின்றவர்கள் பூட்ஸ் போட்டவர்களிடம் பட்ட பாடு அது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று.

பள்ளிக்கூட வாத்தியார்

இரண்டு தங்கத்துக்கும் பின்னால் ஒரே மனிதர் இருந்தார். ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம். தொழில் ஆசிரியர் வேலை. 1950 முதல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அவர் கையில் அந்தப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

ரஹீமின் முறை வேடிக்கையாக இருக்கும். பலமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தைக் காலில் வைத்து உருட்டிக்கொண்டு போகக்கூடாது, வந்தவுடன் தட்டிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. உடல் பருமனில் ஐரோப்பியனுக்கு ஈடு கொடுக்க முடியாது, ஆகவே பந்தைவிட வேகமாக மூளை ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. வாத்தியார் அல்லவா, பாடத்தை வீட்டுக் கணக்குப் போலக் கொடுத்துப் பழக்கினார்.

1956 நவம்பர் 1-ந் தேதி ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. அதே மாதம் மெல்பர்ன் ஒலிம்பிக் தொடங்கியது. அங்கே போன இந்திய அணியில் அசீசுதீன், நூர் முகமது, அகமது உசேன், சுல்பிகருதீன் என்று ஐதராபாத் முகங்களே எங்கு பார்த்தாலும்! அந்தக் கூட்டத்தில் தங்கராஜும் இருந்தார், பலராமும் இருந்தார்.

சைக்கிள் வாடகை

செகந்தராபாத் கன்டோன்மெண்டுக்குத் தமிழர்கள் போனது நேற்றல்ல. சென்னைப் படைகளோடும், படைகளைச் சுற்றிய வேலைகளோடும் தலைமுறை தலைமுறையாகப் போய்த் தங்கியவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட தமிழ்த் தாய் தந்தைக்கு 1936-ல் அம்முகூடாவில் பிறந்தவர் பலராம். ஏழைக் குடும்பம். பூட்ஸ் வாங்க வழியில்லை. தாயாரிடம் இரண்டு ரூபாய் வாங்கிப் போய், கிழிந்த போலீஸ் பூட்ஸிலிருந்து தனக்கு ஒரு ஜோடி தைத்துத் தரும்படி செருப்புத் தைப்பவரிடம் கெஞ்சிய கதை அவருடையது.

ரஹீம் கண்ணில் இந்தப் பையன் பட்டான். ஐதராபாத்துக்குத் தினமும் பயிற்சிக்கு வா என்றார். வர ஆசைதான், போக வரக் காசு இல்லை என்றான் பையன். சைக்கிள் வாடகைக்கு எடுத்து வா, காசு நான் தருகிறேன் என்று வாத்தியார் தம் பையிலிருந்து கொடுத்தார். அந்த வாடகை சைக்கிள்தான் பலராமை மெல்பர்ன் வரை கொண்டு போயிற்று. அப்போது வயது இருபது.

தங்கராஜின் பாதை ராணுவத்தின் வழியே போயிற்று. செகந்தராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் என்ற கிளப்புகளில் ஆடியவர், 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் முதலில் அவர் கோல் போடுகிறவர், சென்டர் பார்வர்டு! ஆறடிக்கு மேற்பட்ட உயரத்தையும் நீண்ட கைகளையும் பார்த்து கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். 1955-லும் 1958-லும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் டூரண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று அவரைச் சொன்னார்கள்.

மெல்பர்னில் 1956 டிசம்பர் 1-ந் தேதி ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றது இந்தியா. பம்பாய் நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவர். நான்காவது கோல் 'கிட்டு' கிருஷ்ணசாமியுடையது. அரை இறுதியில் பழைய எதிரி யூகோஸ்லாவியா. முதல் கோலை இந்தியாதான் போட்டது! பிறகு 4-1 என்று தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. பதக்கம் இல்லை, நான்காம் இடம். இந்திய அணி ஒலிம்பிக்கில் தொட்ட உச்சம் அதுதான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் விழுந்த பிரிவு பயங்கரமானது. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. பின்னால் வெண்கலம் வாங்கிய ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றோம். அந்த ஒரு கோல் பலராமுடையது. பிரான்சோடு 1-1 என்று சமன். கேப்டன் பி.கே.பானர்ஜியின் கோலுக்குப் பிறகு ஜெயித்துவிட்டோம் என்று இருந்த நேரத்தில், முடிய எட்டு நிமிஷம் இருக்கையில் பிரான்ஸ் சமன் செய்தது. பெருவிடம் 3-1. அதிலும் இந்தியாவின் கோல் பலராமுடையதே. சூனி கோஸ்வாமி, பி.கே., பலராம் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் கல்கத்தா ரசிகர்கள் சொல்லத் தொடங்கிய காலம் அது.

ஒரு லட்சம் பேரின் ஊளை

1962 ஜகார்த்தா. நான்காவது ஆசிய விளையாட்டு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேஷியா விசா மறுத்தது. அதைக் கண்டித்துப் பேசியவர் ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் இந்தியப் பிரதிநிதி சோந்தி. கோபம் அத்தனை இந்தியர்கள் மேலும் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அணியின் பஸ்ஸில் சீக்கிய ஆட்டக்காரர்கள் தலைப்பாகை வெளியே தெரியாதபடி குனிந்து உட்கார்ந்து போனதாகச் சொல்வார்கள்.

முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல் போட வேண்டி வந்தது. ஜப்பானை 2-0 என்று வென்றதில் ஒரு கோல் பி.கே., ஒரு கோல் பலராம். அரை இறுதியில் தென் வியத்நாமை 3-2 என்று மயிரிழையில் தாண்டினார்கள். தலையில் தையலோடு, வழக்கமாகத் தற்காப்பில் ஆடும் ஜர்னைல் முன்வரிசைக்கு வந்து ஒரு கோல் போட்டார். எந்த வாத்தியாருக்கு இந்த யோசனை வரும்?

இத்தனை ஆட்டத்திலும் தங்கராஜ் எங்கே? காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். கோலில் நின்றவர் வங்காளத்துப் பிரத்யுத் பர்மன். அவரும் நன்றாகவே ஆடினார். ஆனால் இறுதி ஆட்டத்தில் எதிரே மறுபடியும் தென் கொரியா. அவர்கள் உயரப் பந்தைத் தலையால் மோதுவதில் கெட்டிக்காரர்கள். தங்கராஜின் உயரம் வேண்டும் என்று ரஹீம் முடிவு செய்தார். ஜெயித்துக்கொண்டு வந்த கோல் கீப்பரை மாற்றி, நோயிலிருந்து எழுந்தவரை நிறுத்துவது சாதாரண முடிவல்ல. தோற்றிருந்தால் ஊர் வாத்தியாரைத்தான் ஏசியிருக்கும். அந்த வாத்தியாரோ அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு பரிசு தர வேண்டும், நாளைக்குத் தங்கம் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

செப்டம்பர் 4. செனயன் ஸ்டேடியத்தில் லட்சம் பேர். இந்தியாவின் தேசிய கீதம் முழங்கியபோது ஊளை. நமக்காகக் கைதட்டிய சிறு கூட்டத்தில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் இருந்தார்களாம். அதே விளையாட்டில் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வென்றவர்கள் அவர்கள்!

17-வது நிமிஷத்தில் பி.கே. கோல். 20-வது நிமிஷத்தில் ஜர்னைல் கோல். மீதி நேரம் முழுவதும் கொரியாவின் முற்றுகை. உயரத்தில் வந்த பந்துகளைத் தங்கராஜின் கைகள் பறித்தன. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கோல் உள்ளே போயிற்று. அத்தோடு சரி. 2-1. தங்கம்.

அந்தத் தங்க அணியில் இந்த இருவரோடு பெங்களூர் அருமைநாயகமும் எத்திராஜும் இடம்பெற்றிருந்தார்கள். ஐதராபாத்திலிருந்து யூசுப் கானும் இருந்தார்.

பிறகு

ரஹீம் 1963 ஜூன் 11-ல் காலமானார். 2024-ல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதைதான். அவருக்குப் பின் 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் கிடைத்தது. 1966-ல் ஆந்திரப் பிரதேச அணி வங்காளத்தைத் தோற்கடித்து சந்தோஷ் கோப்பையை வென்றது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இன்னொரு ஐதராபாத்காரர் சையத் நயீமுதீன் கேப்டனாக இருந்து வெண்கலம் வந்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு பதக்கம் இல்லை. ஒலிம்பிக்கில் ரோம்தான் கடைசி. தெற்காசியக் கோப்பையை ஒன்பது முறை வென்றிருக்கிறோம், உண்மைதான். ஆனால் ஆசியக் கோப்பைக்காக 2024 ஜனவரியில் கத்தாரில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பினோம்.

காரணம் பல சொல்வார்கள். உலகம் 90 நிமிஷம் ஆடிக்கொண்டிருந்தபோது நம் ஊர்ப் போட்டிகள் வெகு காலம் 70 நிமிஷத்தோடு முடிந்தன என்பது ஒன்று. சின்னப் பையனுக்குச் சைக்கிள் வாடகை கொடுக்க ஆள் இல்லாமல் போனது இன்னொன்று.

பலராம் 1957-லேயே கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குப் போய்விட்டார். 1961-ல் அதன் கேப்டன். அந்த வருஷம் கல்கத்தா லீகில் அதிகக் கோல் போட்டவரும் அவரே. 1962-ல் அர்ஜுனா விருது. மறு வருஷமே நுரையீரல் உறையில் நோய் கண்டு பெரிய ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வயது இருபத்தேழு ஆகவில்லை! பெங்கால் நாக்பூர் ரயில்வே அணி அவரைச் சேர்த்துக் கொண்டது. சூனிக்கு 1983-லும் பி.கே.க்கு 1990-லும் பத்மஸ்ரீ வந்தது. மூவரில் மூன்றாமவருக்குக் கடைசி வரை வரவில்லை. அந்த மனக்குறை அவருக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

தங்கராஜ் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் மூன்றின் ரசிகர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தால் முறைப்பவர்கள். தங்கராஜ் விஷயத்தில் மட்டும் மூவருக்கும் பங்கு. 1967-ல் அவருக்கும் அர்ஜுனா விருது. ஆட்டத்தை விட்ட பிறகு பொகாரோ உருக்காலையில் வேலை.

ஒருவர் உருக்காலை ஊரில், மற்றவர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில். பிழைப்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருவரும் தங்கிவிட்டார்கள். செகந்தராபாத்துக்குக் குடி திரும்பவில்லை. தங்கராஜ் 2008 நவம்பர் 24-ல் பொகாரோவில் இறந்தார். பலராம் 2023 பிப்ரவரி 16-ல், எண்பத்தாறாவது வயதில், கல்கத்தாவில் காலமானார்.