கடலுக்கு அடியில் பெட்ரூம், நீந்தும் யானை, ஒளிரும் அலை... தீவு ரிசார்ட்டுகளில் அப்படி என்னதான் இருக்கு?

கும்மிடிப்பூண்டியில் இருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்து போனைத் திறந்தால் போதும், 'மாலத்தீவு 4 நாள், 3 இரவு, இஎம்ஐ வசதி உண்டு' என்று ஒரு ரீல்ஸ் வந்து நிற்கும். நீலத் தண்ணீருக்கு நடுவே மர வீடு, கண்ணாடித் தரை, காலுக்குக் கீழே மீன்கள். சிப்காட் கம்பெனியில் வேலை பார்க்கும் புதுமணத் தம்பதி, 'தீபாவளி போனஸை இதுக்கே போட்டுடலாமா' என்று யோசிக்கும் அளவுக்கு இந்த விளம்பரங்கள் இழுக்கின்றன.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வசதிகள் எப்படி இயங்குகின்றன, விளம்பரத்தில் சொல்லும் தொகைக்கும் கடைசியில் கட்டும் தொகைக்கும் ஏன் அவ்வளவு வித்தியாசம்?

தண்ணீர் மேல் வீடு அங்கே மட்டும் எப்படி நிற்குது?

நம்ம ஊர் கடற்கரையில் தூண் நட்டு ஒரு மர வீடு கட்டினால் முதல் புயலுக்கே தாங்காது. வங்கக் கடல் அலை நேராகக் கரையில் வந்து அடிக்கும். மாலத்தீவில் கதையே வேறு. பவளப்பாறைகள் ஒரு வளையம் போலச் சுற்றி நிற்கின்றன. பெரிய அலை அந்தப் பாறை விளிம்பிலேயே உடைந்துவிடும். உள்ளே இருப்பது ஆழம் குறைந்த, அலை அடங்கிய நீர்ப்பரப்பு. அந்த அமைதியான நீரில்தான் வில்லாக்கள் நிற்கின்றன. ரிசார்ட் காசு வாங்குவது வீட்டுக்கு என்றாலும், வேலையைச் செய்வது பவளப்பாறைதான்.

மாலத்தீவின் முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-ல் தொடங்கியது. 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பதுதான் அங்கே வழக்கம். அதாவது தீவு முழுக்க ஒரே நிர்வாகம். வெளியே போய் டீக்கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் பாட்டில் முதல் தலைவலி மாத்திரை வரை அவர்கள் சொல்வதுதான் விலை.

கடலுக்கு அடியில் சாப்பாடு, தூக்கம்

ரங்காலி தீவில் உள்ள கான்ராட் ரிசார்ட்டில் 2005-ல் 'இத்தா' என்ற உணவகம் திறக்கப்பட்டது. கடல் மட்டத்துக்குச் சுமார் 5 மீட்டர் கீழே, 14 பேர் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூடு. கண்ணாடி என்று பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் அது தடித்த அக்ரிலிக். 175 டன் எடையுள்ள அந்தக் கூட்டைச் சிங்கப்பூரில் செய்து, கப்பலில் கொண்டுவந்து, உள்ளே மணலைப் பாரமாக ஏற்றி மூழ்கவைத்தார்கள். காரணம் ரொம்ப எளிமை: காற்று நிரம்பிய கூடு தண்ணீரில் மிதக்கத்தான் பார்க்கும். காலிக் குடத்தைக் கிணற்றில் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதே ரிசார்ட்டில் 2018-ல் 'முராக்கா' வந்தது. மேல் தளம் தண்ணீருக்கு மேலே, பெட்ரூம் கடலுக்கு அடியில். கட்டுமானச் செலவு 1.5 கோடி டாலர். தொடங்கியபோது ஓர் இரவு வாடகை 50,000 டாலர் என்று செய்திகள் வந்தன. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35 லட்சம் ரூபாய். ஒரு தூக்கத்துக்கு! சோனேவா ஜானி என்ற இன்னொரு ரிசார்ட்டில் படுக்கைக்கு மேலே உள்ள கூரை பட்டனைத் தட்டினால் திறந்துகொள்ளும், படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம். மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்த தலைமுறை இதைக் கேட்டால் சிரிக்கும்.

அந்தமானில் நீந்திய யானை

விசித்திர வசதி என்றால் அந்தமானின் ஹேவ்லாக் தீவைச் சொல்லாமல் விட முடியாது. 2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. அங்கே ராஜன் என்ற யானை கடலில் நீந்தும். சுற்றுலாப் பயணிகள் பணம் கட்டி அதனுடன் சேர்ந்து நீந்தினார்கள், உலகம் முழுக்க அந்தப் படங்கள் பரவின. ஆனால் ராஜன் அங்கே போனது சுற்றுலாவுக்காக இல்லை, மரத்தடி இழுக்க. தீவு விட்டுத் தீவு போக யானைகளுக்கு நீந்தப் பழக்கினார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு அந்த வேலை நின்றது. ராஜன் 2016-ல் இறந்தது.

இப்போது அந்தமானில் அதிகம் பேர் கேட்பது 'சீ வாக்'. நீச்சல் தெரியாதவர்கள்கூட கடலடியில் நடக்கலாம். தலையில் கவிழ்க்கும் பெரிய ஹெல்மெட்டுக்குள் மேலிருந்து குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். டம்ளரைத் தலைகீழாகத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்குமே, அதே தத்துவம். சளி, காது வலி, ஆஸ்துமா, இதயப் பிரச்னை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'அட, பத்து நிமிஷம்தானே' என்று மறைக்கக் கூடாது.

இரவில் நீல நிறமாக ஒளிரும் கடலைக் காட்ட தனிப் படகுச் சவாரியே உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், நீர் அசையும்போது வெளியிடும் ஒளி அது. இதே நீல ஒளியை 2019 ஆகஸ்டில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மக்கள் இலவசமாகவே பார்த்தார்கள். ஆனால் அழகு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சில வகை உயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

பில் எங்கே ஏறுது?

தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. குளிக்கிற தண்ணீர்கூட கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பதுதான். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும், தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்ட ஆலையில் என்ன தொழில்நுட்பமோ, அதேதான் சின்ன அளவில் ஒவ்வொரு ரிசார்ட்டிலும் ஓடுகிறது. மின்சாரத்துக்கு பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர். அரிசி, காய்கறி எல்லாம் கப்பலில் வர வேண்டும். இது எல்லாமே உங்கள் அறை வாடகையில் இருக்கிறது.

அதற்கு மேலே வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் தங்கும் ஒருவருக்கு நாளுக்கு 12 டாலர் பசுமை வரி. இரண்டு பேர், 3 இரவு என்றால் 72 டாலர். சாப்பாட்டு விலையோடு 10 சதவீத சேவைக் கட்டணம், அதன் மேல் 17 சதவீத சுற்றுலா ஜிஎஸ்டி. 100 டாலர் சாப்பாடு பில்லில் 128 டாலரைத் தாண்டிவிடும். விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று சின்னதாக இரண்டு கூட்டல் குறி இருந்தால் அர்த்தம் இதுதான்.

இன்னொரு பொறி, கடல் விமானம். தூரத் தீவுகளுக்கு இதில்தான் போக வேண்டும். போக வர ஒருவருக்கு 400 டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். இந்த விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலை 4 மணி வாக்கில் மாலே விமான நிலையத்தில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே அறை எடுக்க வேண்டியதுதான். எனவே பேக்கேஜ் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'ரிசார்ட்டுக்குப் போவது ஸ்பீட் போட்டிலா, கடல் விமானத்திலா? அந்தக் கட்டணம் இதில் சேர்த்தியா?' பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கு மாலத்தீவில் இறங்கியதும் விசா இலவசம். வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டுக்குள் இருக்கும் லட்சத்தீவுக்குப் போகத்தான் முன்அனுமதி வாங்க வேண்டும்.

பக்கத்திலேயே இருக்கும் பழவேற்காடு

அலை அடங்கிய ஆழமில்லாத நீர்ப்பரப்பு என்று மேலே சொன்னோமே, அப்படி ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. இங்கே அலையைத் தடுப்பது பவளம் இல்லை, நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா நிலத்திட்டு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இருக்காது. அதனால்தான் நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நின்று இரை தேட முடிகிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடமும், சிற்பக் கல்லறைகளும் இங்கேதான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் கரையில் நின்றே பார்க்கலாம். எந்த ஐந்து நட்சத்திர ரிசார்ட்டும் தர முடியாத வசதி அது.

இல்லாதது ஒன்றே ஒன்று, பாதுகாப்பான படகு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறி ஆள் ஏற்றுவதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. ஏரி ஆழமில்லாததுதான், ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கதை வேறு. ஏற்றவற்றம் மாறும்போது மொத்த ஏரித் தண்ணீரும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் பாயும், படகை அப்படியே இழுத்துவிடும். 'வாங்க சார், முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்' என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள்.

பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் கிடைக்கும். பறவை பார்க்க வேண்டும் என்றால் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பைனாகுலர் இருந்தால் கரையில் இருந்தே போதும்.