சூடேறியதும் சோரும் படகியந்திரம்

குருநகர், பாசையூர் தொடங்கி மயிலிட்டி, பருத்தித்துறை வரையுள்ள கடற்றொழிலாளர் பலரின் சீவனம் இன்று வெளியிணைப்பு இயந்திரத்தைச் சார்ந்து நிற்கின்றது. அவ்வியந்திரத்துக்கு வரும் நோய்களுள் ஒன்று விசித்திரமானது. விடியலில் முதல் இழுவையிலேயே உயிர்பெறும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் வலுக்குன்றித் தடுமாறும். நின்றுவிட்டால் ஆறும்வரை மீண்டும் இயங்காது. கரையில் இது சிறு தொல்லை. பாக்கு நீரிணையிலோ, இயந்திரம் நின்ற படகு நீரோட்டத்தில் அள்ளுண்டு, 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த கடலெல்லையையும் கடந்துவிடக்கூடும். ஆகவே இதன் காரணத்தை ஆராய்தல் பயனுடைத்து.

முதலில் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். சூட்டில் தோன்றும் குறையைச் சூட்டிலேயே தேடவேண்டும். திருத்துமிடத்தை அடையுமுன் இயந்திரம் ஆறிவிடுகின்றது. அங்கே சோதித்தால் யாவும் செம்மையாகவே காணப்படும். எனவே குறை தோன்றும் வேளையிலேயே நீர், எரிபொருள், தீப்பொறி என்னும் மூன்றையும் முறையே நோக்குதல் தக்கது.

நீரே முதலாவது. இறப்பர் இதழ்களையுடைய நீர்ப்பம்பி கடல்நீரை உறிஞ்சி உருளையைச் சுற்றிச் செலுத்துகின்றது. அதன் ஒரு பகுதி சிறு தாரையாக வெளியே பாயும். அத்தாரை மெலிந்தாலோ நின்றாலோ இயந்திரத்தை உடனே நிறுத்துக. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது. சாதாளையும் சேறும் நீர்வாயிலை எளிதில் அடைத்துவிடும். இதழ்கள் தேய்தலும், நீர்வழிகளில் உப்புப் படிதலும் இதே விளைவைத் தரும். தாரை செவ்வனே பாய்ந்தும் குறை தோன்றுமாயின் அடுத்ததை நோக்குவோம்.

எரிபொருட் குழாயின் இடையே கையால் அமுக்கும் இறப்பர்க் குமிழ் உண்டு. இயந்திரம் தடுமாறும்போது அதனை அமுக்க, ஓட்டம் சீர்பட்டால், குறை எரிபொருள் வரத்திலேயே உளது என்க. தாங்கியின் காற்றுத்துளை மூடியிருத்தல், குழாயிற் காற்றுப் புகுதல், எரிபொருட் பம்பியின் மென்றகடு நைதல் ஆகியன காரணமாகலாம். மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென அமைந்த இயந்திரங்களும் உள. அவை பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெயைக் கலந்தால், எரிதல் ஒழுங்குகெட்டு உலோகத் தட்டொலி எழும், வெப்பமும் மிகும்.

மூன்றாவது தீப்பொறி. மின்சுருளின் செப்புக்கம்பி சூடேறும்போது அதன் தடை கூடும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். 30 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்கு உயருமிடத்து அத்தடை ஏறத்தாழக் காற்பங்கு கூடுகின்றது. இது இயற்கை; குறையன்று. ஆயின், கம்பியில் நுண்ணிய வெடிப்பு இருப்பின் அது வெப்பத்தால் விரிந்து மின்னோட்டத்தை முற்றாக அறுக்கும். ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். காவற்பூச்சு நைந்திருப்பின், சூட்டில் மின்சாரம் வழிதவறிக் கசியும். ஆகவே, நின்ற உடனே தீப்பொறிச் சோதனைக் கருவியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். எரிபொருள் ஆவி சூழ்ந்தவிடத்து இதனைச் செய்தலாகாது.

மூன்றும் நன்றெனின், உருளையின் அமுக்கத்தைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து ஒப்பிடுக. சூட்டில் அமுக்கம் பெரிதும் வீழ்ந்தால், வளையங்களோ உருளையோ தேய்ந்துள்ளமை புலனாகும்.

இவற்றுள் ஒன்றைத் திருத்தியபின் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தே அடுத்ததிற் கைவைக்க வேண்டும். பல உறுப்புக்களை ஒருங்கே மாற்றினால், பணமும் விரயமாகும். உண்மைக் காரணமும் மறைந்துபோம். தொடங்கி எத்தனை நிமிடத்திற் சோர்ந்தது, எத்தனை நிமிடத்தில் மீண்டது என்று குறித்துவைத்தல் பெருந்துணையாகும். ஆய்கூடத்திற் பயிலும் இவ்வொழுங்கு கடற்கரைக்கும் உரியது. அங்கு அது காப்பது கடலிற் செல்வோரின் உயிரையாம்.