காலக் கப்பலைக் கட்டிய கைகள்

நாடகம் காண்போர் அரங்கிலே தோன்றும் பாத்திரங்களையே காண்பர். திரைக்குப் பின்னின்று தொழிற்படும் கைகளைக் காண்பதில்லை. தொலைக்காட்சிக்கும் இஃது ஒக்கும். அறிவியற் கற்பனை நாடகங்களுக்கோ இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். உலகில் இல்லாத பொருளையும் எவரும் கேளாத ஒலியையும் ஆக்கித் தரும் பொறுப்பு அக்கைகளையே சார்ந்ததன்றோ? பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பீ.பீ.சீ. 1963ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் தொடரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அத்தொடருக்குப் புகழ் தேடித் தந்த கூறுகளுட் பல பொருள்வளத்தாற் பிறந்தவையல்ல, பொருட்குறைவினாற் பிறந்தவை.

சனிக்கிழமை மாலைகளில் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் இசை நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு நேர இடைவெளி இருந்தது. அதனை நிரப்பும் பொருட்டு நாடகப் பிரிவுத் தலைவரான சிட்னி நியூமன் இத்தொடரை வகுத்தார். காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் முதியவர் ஒருவர் இதன் தலைமைப் பாத்திரம். அவருடன் செல்வோர் அவருடைய பேர்த்தியும் பாடசாலை ஆசிரியர் இருவருமாவர். ஆசிரியருள் ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர்; மற்றவர் வரலாறு கற்பிப்பவர். இறந்தகாலப் பயணம் வரலாற்றையும், எதிர்காலப் பயணம் விஞ்ஞானத்தையும் சிறுவர்க்கு உணர்த்தும் என்பதே தொடக்கத்தில் இருந்த நோக்கம். தயாரிப்பாளராக அமர்த்தப்பட்ட வெரிற்றி லாம்பேட் என்னும் பெண்மணிக்கு அப்பொழுது வயது 27. முதற் கதையின் நெறியாளர் வாரிஸ் ஹுசெயின் இந்தியாவின் இலக்னோ நகரிற் பிறந்தவர். அவருக்கு வயது 24.

இவர்களுக்கு அளிக்கப்பட்ட வசதிகள் மிகக் குறைவு. இருபத்தைந்து நிமிடப் பகுதி ஒன்றுக்கு ஏறத்தாழ 2,300 பவுண் ஒதுக்கப்பட்டது. பதிவு நாடாவை வெட்டி ஒட்டுதல் அக்காலத்திற் கடினமானதும் செலவு மிக்கதுமாகும். ஆதலின் மேடை நாடகம் போலவே காட்சிகள் தொடர்ச்சியாகப் பதிவு செய்யப்பட்டன. நடிகர் வசனத்திலே தடுமாறினால் அத்தடுமாற்றமும் அப்படியே நின்றுவிடும். செப்டெம்பர் 27ஆந் திகதி பதிவான முதற் பகுதியிலே கப்பலின் கதவுகள் செவ்வனே மூட மறுத்தன. அப்பகுதியைப் பார்த்த நியூமன் அதனை ஏற்கவில்லை. ஆயினும் மீண்டும் செய்து காட்ட வாய்ப்பளித்தார். ஒக்டோபர் 18ஆந் திகதி மறுபடியும் பதிவு செய்யப்பட்ட அப்பகுதி நவம்பர் 23ஆந் திகதி ஒளிபரப்பாயிற்று. அமெரிக்க அதிபர் கென்னடி கொலையுண்டது அதற்கு முந்திய நாளிலாகும். உலகின் கவனம் முழுவதும் அத்துயரச் செய்தியிலே பதிந்திருந்தமையால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதற் பகுதி மீண்டும் காட்டப்பட்டது.

கதையில் வரும் காலக் கப்பல் சென்ற இடத்திற்கு ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ள வல்லது. ஆயின் வாரந்தோறும் புதுவடிவம் செய்யப் பணம் ஏது? பொதுமக்கள் பொலிசாரைத் தொலைபேசியில் அழைத்தற்கென அக்காலத்திலே தெருவோரங்களில் நின்ற நீலநிறக் கூண்டின் வடிவமே கப்பலுக்கு நிலையாக அமைந்தது. வடிவு மாற்றும் கருவி பழுதுற்றதென்று கதையிலே காரணம் கூறப்பட்டது. தெருக்களிலிருந்து அக்கூண்டுகள் பெரும்பாலும் மறைந்த பின்னரும் மக்கள் மனத்தில் அவ்வடிவம் காலக் கப்பலாக நிலைபெற்றுவிட்டது. அக்கப்பல் புறப்படும்போது எழும் ஒலியை ஆக்கியவர் பிறையன் ஹொட்சன். பழைய பியானோ ஒன்றின் தடித்த தந்திகளிலே வீட்டுத் திறப்பினால் உரசி, அவ்வோசையை நாடாவிற் பதிந்து அவர் மாற்றியமைத்தார்.

தொடரின் முகப்பிசையை இயற்றியவர் றொன் கிறெயினர். அதனை ஒலியாக்கியவர் கேம்பிரிட்ஜிலே கணிதமும் இசையும் கற்ற டீலியா டேர்பிஷயர் என்னும் பெண்மணி. இசை ஆக்கும் மின்கருவிகள் பெருகாத காலம் அது. இழுத்துக் கட்டிய ஒற்றைத் தந்தியின் ஒலியையும் சோதனைச்சாலை மின்கருவிகளின் ஒலியையும் நாடாவிற் பதிந்தார். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுரங்களைப் பெற்றார். நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி இசையாகக் கோத்தார். அதனைக் கேட்டு வியந்த கிறெயினர் ஆக்கவுரிமைப் பணத்தில் அவருக்கும் பங்கு வழங்க விரும்பினார். நிறுவன விதிகள் அதற்கு இடந்தரவில்லை. திரையிலும் அவர் பெயர் தோன்றவில்லை. அவர் பணியாற்றிய பிரிவின் பெயரே தோன்றியது. அவர் 2001இற் காலமானார். அவருடைய பெயர் திரையில் இடம்பெற்றது 2013இலே, தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நாடகத்திலாகும்.

1963 டிசம்பரில் தோன்றிய ‘டாலெக்’ என்னும் இயந்திர உயிரிகளே தொடரைப் பெரும் புகழுக்கு உயர்த்தின. அவற்றைக் கற்பனை செய்தவர் டெரி நேஷன்; உருவம் கொடுத்தவர் றேமன்ட் கியூசிக். அப்பணி முதலிற் பின்னாளைய திரைப்பட நெறியாளர் றிட்லி ஸ்கொட்டுக்கே ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவருக்கு நாள் பொருந்தாமையாற் கியூசிக்கிடம் வந்தது. உள்ளே ஒருவர் அமர்ந்து காலால் உந்த, அடியிலுள்ள சிற்றுருளைகளின் மேல் டாலெக் நகரும். அதன் கையாக அமைந்தது கழிவுநீர்த் தொட்டியின் அடைப்பு நீக்கும் இறப்பர்க் குவளையே. நேஷன் வெளியிலிருந்து எழுதியவராதலின் உரிமைப் பங்கு பெற்றுச் செல்வரானார். கியூசிக் நிறுவனத்தின் சம்பள ஊழியராதலின் அத்தகைய பங்கு அவருக்குக் கிட்டவில்லை.

1966இல் தலைமை நடிகர் வில்லியம் ஹாட்னலின் உடல்நலம் குன்றியது. தொடரை நிறுத்தாது, பாத்திரமே புத்துடல் பெறுவதாகக் கதை அமைத்து, பற்றிக் ட்றவுட்டனை அவ்விடத்தில் அமர்த்தினர். தொடர் நெடுங்காலம் வாழ்ந்தமைக்கு இவ்வுத்தியே முதற் காரணம் எனலாம்.

ஆயின் ஆக்குவித்த வறுமையே அழிவிற்கும் காரணமாயிற்று. நாடாக்கள் விலையுயர்ந்தவை, பழைய நாடகங்களைப் பேணுவதில் எவரும் பயன் காணவில்லை. ஆதலால் முதற் பத்தாண்டின் பல பகுதிகள் அழிக்கப்பட்டன. ஹாட்னல் உருமாறும் பகுதியே இன்று முழுமையாக இல்லை. சிறுவர் நிகழ்ச்சியொன்றிற் காட்டப்பட்ட சிறு துண்டிலேதான் அவ்வுருமாற்றக் காட்சி எஞ்சியுள்ளது. விற்பனைக்காகப் பிற நாடுகளுக்குச் சென்ற படப்பிரதிகள் சில மீண்டுள்ளன. நைஜீரியாவிலிருந்து ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்ட செய்தி 2013இல் வெளியாயிற்று. காட்சிகள் மறைந்த பகுதிகளுக்கும் ஒலி மட்டும் குறைவின்றி உண்டு. அவற்றை வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிருந்து ஒலிநாடாவிற் பதிந்து வைத்தவர்கள் இளம் இரசிகர்கள். பெரிய நிறுவனம் பேணத் தவறியதை அவர்கள் பேணினர்.

கலைப்படைப்பொன்றின் வரலாற்றை ஆராய்வோர் இதிலிருந்து அறியத் தக்கது ஒன்றுண்டு. பொருட்குறைவு கற்பனையைத் தடுப்பதில்லை. பல வேளைகளில் அதற்கு வழிகாட்டுகின்றது. ஆயின் ஆக்கியோரின் பெயரை மறப்பதும், ஆக்கியதைக் காவாது விடுவதும் பொருட்குறைவினால் மாத்திரம் நேர்வனவல்ல, மதிப்பறியாமையால் நேர்வன. பெயரைத் திரையிற் பொறிக்க ஐம்பது ஆண்டுகள் சென்றன. அப்பெயருக்குரியவர் அதனைக் காண இருக்கவில்லை.