'ஹோப்ஸ்' ஸ்டாப் இருக்கு... காலேஜ் எங்கே? கோவையின் முதல் அரசு இன்ஜினீயரிங் கல்லூரி பிறந்த கதை

கோவை டைடல் பார்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த ஸ்டாப் நல்லா தெரியும். அவினாசி ரோட்டில் பஸ் நெருங்கும்போதே, 'ஹோப் காலேஜ் இறங்குங்க' என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்கினால் கடைகள் இருக்கும், டிராஃபிக் இருக்கும். 'ஹோப் காலேஜ்' என்ற பெயரில் ஒரு கல்லூரி மட்டும் இருக்காது.

அது இடம் மாறி 70 வருஷத்துக்கு மேல் ஆச்சு. பெயரும் மாறிடுச்சு. நகரின் இன்னொரு பக்கத்தில், தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரிதான் (ஜி.சி.டி) அந்த ஹோப் காலேஜ்.

யார் இந்த ஹோப்?

ஆர்தர் ஹோப், 1940 முதல் 1946 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். 1945-ல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால், அது உருவாகப் பணம் கொடுத்தவர் கோவைக்காரர்: ஜி.டி.நாயுடு.

கோவைக்கு ஏன் அவசரம்?

அன்று பி.இ படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் சென்னை கிண்டிக்குத்தான் போகணும். கோவையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர்.

ஆனால், மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தது கோவையில். 1888-லேயே இங்கே நூற்பாலை வந்துவிட்டது. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் உற்பத்தியைத் தொடங்கி, மலிவான கரன்ட் கிடைத்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் இறங்கியது. மில்லுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் தொழில்நுட்பம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

பள்ளியை முடிக்காத பிரின்சிபால்

கோவை அருகே கலங்கலில் 1893-ல் பிறந்த நாயுடு, பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். அது யூ.எம்.எஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார்களில் ஒன்றை வெளியே கொண்டுவந்தார்.

1944-ல் போக்குவரத்துத் தொழிலின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி, நன்கொடைகளை அறிவித்தார். அந்தப் பணத்தில்தான் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியும் வந்தன. பள்ளியை முடிக்காத அவரே கல்லூரிக்குப் பிரின்சிபாலும் ஆனார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

2 வருஷமா, 4 வருஷமா?

இன்ஜினீயரிங் படிக்க 4 வருஷம் எதுக்கு என்பது நாயுடுவின் கேள்வி. அது மாணவர்களின் நேரத்தை வீணடிப்பது, அதே படிப்பை 2 வருஷத்தில் முடித்துவிடலாம் என்றார். மெஷினைப் பிரித்துப் போட்டுத் தொழில் கற்றவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அன்றைய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பணம் கொடுத்தவர் என்பதால் பாடத்திட்டத்தை மாற்றவும் இல்லை. நாயுடு பதவியை ராஜினாமா செய்தார். கல்லூரி அரசுக் கல்லூரியாகத் தொடர்ந்தது. சில ஆண்டுகளில் தடாகம் ரோட்டுக்குப் போனது.

அப்போ யார் சொன்னது சரி?

டிகிரி விஷயத்தில் அரசின் நிலைப்பாடு பலருக்குக் கைகொடுத்தது. எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் ஒரு பட்டம், குறைந்த கட்டணத்தில், சொந்த மாவட்டத்திலேயே கிடைத்தது. பொள்ளாச்சி பக்கம் கோதவாடி என்ற கிராமத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை பி.இ முடித்தது ஜி.சி.டி-யில்தான். 2008-ல் நிலவுக்குப் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் அவர்.

அதற்காக நாயுடுவின் கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நிறுவனமே மறுபடியும் மாதக்கணக்கில் டிரெய்னிங் கொடுக்கிறது என்றால், 4 வருஷத்தில் கையால் செய்து பழகியது எவ்வளவு? டிகிரி வாங்கிய பலர் இன்றும் கேட்பது இதைத்தான்.

நடுவில் சில வழிகளும் உருவாகின. 3 வருட டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டிப்ளமோக்காரர்களுக்காகப் பகுதி நேர பி.இ-யும் வந்தது. பகலில் மெஷின், சாயங்காலம் கிளாஸ். ஜி.சி.டி-யிலும் இந்தப் படிப்பு உண்டு. கோவை மாதிரியான தொழில் நகரத்துக்கு இது சரியாகப் பொருந்தியது.

இன்று சேரும் மாணவருக்கு இதில் என்ன இருக்கு?

ஜி.சி.டி-க்குப் பின்னால் 1951-ல் பி.எஸ்.ஜி டெக், 1956-ல் சி.ஐ.டி என்று கோவையில் கல்லூரிகள் பெருகின. இன்று சீட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம் பெரிய வித்தியாசம். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மில்லிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு 'இன்ஜினீயர்' என்ற வார்த்தை எட்டும் தூரத்தில் இருப்பது இதனால்தான்.

2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். அது ஹோப் காலேஜ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் போகிறது. மேலே பாலத்தில் பணம் கொடுத்தவரின் பெயர். கீழே கண்டக்டர் இன்னும் கூப்பிடுவது கவர்னரின் பெயர். அந்தக் கல்லூரிக்குப் போகணும்னா, அங்கே இறங்காதீங்க. தடாகம் ரோடு பஸ்ஸைப் பிடிக்கணும்.